மூன்று கோடு

எண்ணெய்த்துணியில் சுற்றியிருந்த புது நோட்டை சைனம்பு பிரித்துப் பார்த்தபோது, மாயாபந்தர் போட் கிளம்ப இரண்டு மணி நேரம்தான் இருந்தது. குர்ஜன் மரத்துக்கு நேரே பதினைந்து என்றிருந்தது.

குர்ஜனுக்குப் பதினெட்டாவது கோடு. எந்த மரத்துக்குப் பிளேடின் முள் எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்று, பதினோரு வருஷமாகப் புருஷன் ஜெய்னுதீன் சொல்லச் சொல்லப் பழைய நோட்டில் எழுதிவைத்தவளே அவள்தான். படாக், பப்பீதா, கோக்கோ என்று புது நோட்டில் எல்லா மரத்துக்கும் மூன்று மூன்றாகக் குறைத்திருந்தார்.

"நானே எழுதிக்கிறேன், உனக்குப் புரியாது" என்று நேற்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டது இதற்குத்தானா?

மில்லில் மரத்தை ஏடு ஏடாக உரிக்கிற மிஷினை ஓட்டுபவர் அவர். கப்பலிலிருந்து இறக்கும்போது சங்கிலி அறுந்து ஜெட்டிப் பாலத்தில் விழுந்தது; அன்றையிலிருந்து அவர் ஒருவர் கைக்குத்தான் படியும். மாயாபந்தர் மில்லுக்கு நயா மிஷின், புத்தம் புதுசு, வருகிறது என்றதும், அது தனக்குத்தான் என்று கராச்சர்மா ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். ஆனால் மில்லின் பெரிய அதிகாரி படா சாப், கூட வேலை செய்த உதயசூரியனை அனுப்பினார். போதாததற்கு, "உன் நோட்டைப் பார்த்து அவனுக்கு ஒன்று எழுதிக் கொடு" என்றும் சொல்லிவிட்டார். எழுதியதைப் போட்டில் ஏறுமுன் அவனிடம் சேர்க்கச் சொல்லிச் சைனம்புவிடம் கொடுத்துவிட்டு, ஜெய்னுதீன் ஷிப்டுக்குப் போயிருந்தார்.

மூன்று நாளாக மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு கோடு பிசகிப் பிளேடு தெறித்து, பக்கத்தில் நின்றவன் கை போனதை முன்னொரு நாள் வீட்டுக்கு வந்து சொல்லி அழுதவர் அவர். அவரையா பொறாமை இப்படித் தின்றுவிட்டது?

சைனம்பு புது நோட்டை அடுப்பில் போட்டாள். கடைசித் தாள் கருகும்வரை நின்றாள். பழைய நோட்டை அதே துணியில் சுற்றிக்கொண்டு ஜெட்டிக்குப் பஸ் ஏறினாள்.

"என்னக்கா, இப்படி ஓடி வர்றீங்க? நம்மளை வழியனுப்பவா, திரும்ப இழுத்துட்டுப் போகவா?" உதயசூரியன் சிரித்தான். "அண்ணன் வரலியா? இன்னும் கோபமா?"

"ஷிப்டு, தம்பி. நோட்டைக் குடுத்துவிட்டாரு."

"இந்தப் பத்து விரலும் அண்ணனை நம்பித்தான் போகுது."

"இதுல இருக்கிறபடியே வை, தம்பி. யார் சொன்னாலும் ஒரு கோடு மாத்தாதே. எனக்குச் சத்தியம் பண்ணு."

பண்ணினான். போட் நகர்ந்து கண்ணுக்கு மறையும்வரை நின்றுவிட்டுத்தான் அவள் திரும்பினாள்.

சாயங்காலம் ஜெய்னுதீன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நோட்டைக் குடுத்தியா?"

"அவன் கையிலயே குடுத்தேன்."

"அல்ஹம்துலில்லாஹ். சோத்தைப் போடு, புள்ள. பசிக்குது."

இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "மூணு நாளா அதே நினைப்பு. சின்னப் பய. அவன் பொண்டாட்டி வேற முழுகாம இருக்கா."

குழம்புக் கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது.

"பழைய நோட்டைப் பத்திரமா வை. விழுந்ததுல நம்ம மிஷினுக்கு முள்ளு மூணு கோடு தள்ளிப்போச்சு. இந்தக் கோணலுக்குத்தான் அந்தக் கணக்கு சரி."

"புதுசுல..." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "புது மிஷின்ல இந்தக் கணக்கை வச்சா?"

"ஆளு தப்ப மாட்டான்."