முந்நூற்றுப் பன்னிரண்டு சைக்கிள்கள்

"இறங்கித் தள்ளிட்டுப் போனா சைக்கிள் கணக்குல வராதுங்கண்ணா. நடந்து போறவங்க கணக்குல போயிரும்."

கசார்வாடி நாற்சந்தியின் ஓரத்தில் நாற்காலி போட்டு, போகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்த பார்கவி சொன்னாள். கோயம்புத்தூர்க்காரி. பிழைப்புக்கு இந்த மராத்தி ஊருக்கு வந்தவள்; விமான் நகரில் ஒரு சர்வே கம்பெனியில் வேலை.

அவளைப் போலவே பிழைக்க வந்து, பட்டறை வேலைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன தங்கராஜுக்குச் சுர்ரென்று வந்தது. "சைக்கிளத்தான் கையில புடிச்சிருக்கேன். கண்ணுக்குத் தெரியலையா மேடம்?"

"தெரியுதுங்க. ஆனா ஓட்டிட்டுப் போனாத்தான் சைக்கிள்னு ஃபாரத்துல போட்டிருக்கு."

"இந்த எடத்துல எவன் ஓட்டுவான்? பாலத்துல இருந்து எறங்குற லாரி ஒண்ணுகூட நிக்கிறதில்ல. அந்தா, அந்தச் சாக்கடை மூடியப் பாருங்க. கம்பிய ரோட்டுக்கு நெடுக வச்சிருக்கான். குறுக்க வச்சா சக்கரம் உள்ள போவாதுன்னு ஒரு நாள் சைக்கிள் ஓட்டுனவனுக்குத் தெரியும். போன வருசம் எம் பொஞ்சாதி அதுல மாட்டித்தான் விழுந்தா. மணிக்கட்டு போச்சு. இன்னைக்கும் ஒரு துணி பிழிய முடியல."

அன்றிலிருந்து பட்டறைக்குப் போகிற அத்தனை பேரும் இங்கே இறங்கித்தான் தள்ளுகிறார்கள். சைக்கிளுக்குத் தனிப் பாதை கேட்டுத் தங்கராஜ் மாநகராட்சிக்கு மூன்று மனு போட்டார். மூன்றுக்கும் ஒரே பதில்: 'மேற்படி சந்திப்பில் சைக்கிள் போக்குவரத்து இல்லை.' அவர்களுக்கு என்ன கண் அவிந்தா போச்சு என்று இத்தனை நாளும் வயிறெரிந்தவருக்கு, இன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது.

"நாங்க எல்லாரும் ஏறி ஓட்டிட்டே போனா?"

"ஒண்ணு விடாம எழுதிருவேனுங்க. வியாழக்கிழமை காலைல ஆறரைல இருந்து எட்டரை வரைக்கும் மறுபடியும் எண்ண வர்றேன்."

"நெறைய வந்தா ஏதாவது செய்வாங்களா?"

"எதுக்கு எண்றோம்னு எங்களுக்குச் சொல்றதில்லைங்கண்ணா. ஆனா இவ்வளவு செலவு பண்ணி எண்ணச் சொல்றாங்களே, கண்டிப்பா ஏதாவது செய்வாங்க."

அது போதும் தங்கராஜுக்கு. இரண்டு நாள் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். தமிழில் கெஞ்சினார், இந்தியில் அதட்டினார், மராத்தியில் காலில் விழாத குறை. ஒரே ஒரு நாள் இறங்காமல் போங்கள் என்பதுதான் அவர் கேட்டது. ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் அவர் மனைவிதான்.

"கிறுக்கு புடிச்சிருக்கா உங்களுக்கு? அந்த எடத்துலதான எங் கை போச்சு" என்றாள் ஜான்சி.

"நீயே எறங்கித் தள்ளுனா மத்தவன் எப்படி ஓட்டுவான்?"

"நான் செத்துப்போனா?"

கட்டியவளிடம் இதைக் கேட்கிறோமே என்று தங்கராஜுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டார். "ஒரு தடவ, ஜான்சி. அதுக்கப்புறம் ஆயுசுக்கும் பயப்படாம போலாம்."

வியாழக்கிழமை ஆறரைக்கெல்லாம் சைக்கிள்கள் வர ஆரம்பித்தன. ஒருவரும் இறங்கவில்லை. கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கித் திட்டினார்கள். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. வண்டிகள் பாலம் வரைக்கும் தேங்கி நின்றன.

ஜான்சி எதிரே மட்டும் பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டே மிதித்தாள். அவளுக்கும் லாரிகளுக்கும் நடுவில் தங்கராஜ் ஓட்டினார். சந்திப்பைக் கடந்து முடிப்பதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

யாரும் விழவில்லை. எட்டரைக்குப் பார்கவி நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டாள். "முந்நூத்திப் பன்னெண்டுங்கண்ணா!"

ஜான்சி ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. "இனிமே இங்க சைக்கிளே இல்லைன்னு எவன் சொல்லுவான், பாப்போம்" என்றார் தங்கராஜ்.

ஐந்து வாரம் கழித்து சந்திப்பின் இரண்டு பக்கமும் கம்பம் நட்டார்கள். மேலே பழுப்புக் காகிதம் ஒட்டிய பெரிய பலகை. மறுநாள் காலை அதைத் திறக்கப்போகிறார்கள் என்று தெரிந்து, விடிந்ததுமே தங்கராஜ் அரைக் கிலோ பேடா வாங்கிக்கொண்டு ஜான்சியோடு வந்துவிட்டார். பட்டறைக்காரர்கள் ஐம்பது பேராவது கூடிவிட்டார்கள். மாநகராட்சி ஆபீஸிலிருந்து வந்தவரிடம்தான் முதலில் பெட்டியை நீட்டினார். அவரும் ஒன்று எடுத்துக்கொண்டு, ஏணியில் நின்றவனைப் பார்த்துத் தலையசைத்தார்.

காகிதம் நடுவில் கிழிந்தது.

"சைக்கிள் படம்ங்க!" ஜான்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மீதிக் காகிதமும் வந்தது. சைக்கிளைச் சுற்றிச் சிவப்பு வட்டம். சைக்கிளின் மேலே, குறுக்கே, ஒரு சிவப்புக் கோடு.

"சைக்கிளுக்குத் தடையா? ஏன் சாப்?" பேடாப் பெட்டியைப் பிடித்தபடியே தங்கராஜ் கேட்டார்.

"ரெண்டு மணி நேரத்துல முந்நூத்திப் பன்னெண்டு சைக்கிள், வண்டியெல்லாம் பாலம் வரைக்கும் நிக்குதுன்னு சர்வேல வந்திருக்கு" என்று இந்தியில் சொன்ன ஆபீஸ்காரர், பேடாவை வாயில் போட்டுக்கொண்டார். "இத்தனை சைக்கிள் இடைஞ்சல் பண்ணுதுன்னு அதுவரைக்கும் எங்க யாருக்குமே தெரியாது."