ஏழாவது வீடு

"நாற்பது வீட்டுக்கும் நீங்களே நேர்ல போனீங்களா?"

சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நமச்சிவாயம் கேட்டார். மேரி தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயம்.

போயிருந்தால்தானே? முதல் இரண்டு வீட்டில், என்ன ஏதென்று கேட்காமலே "ஒண்ணும் வேணாம்" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்றாவது வீட்டு கேட்டில் கை வைக்கவே அவளுக்குக் கூசியது. வீட்டுக்குத் திரும்பி, நாற்பது சர்வே படிவத்தையும் தானே நிரப்பிவிட்டாள். பேரும் சொந்தச் சரக்கு, போன் நம்பரும் சொந்தச் சரக்கு.

சமுதாயக் கல்லூரியில் தொழில்முனைவோர் வகுப்பு அது. பட்டுப்புடவைக்குக் குஞ்சம் கட்டித் தரும் கடை ஒன்று போட வேண்டும் என்று மேரிக்கு ஆசை. இந்தச் சான்றிதழ் இல்லாமல் வங்கிக்குள் காலெடுத்து வைக்க முடியாது. நாற்பத்திரண்டு வயதில் இன்னொரு தடவை படிக்க வீட்டில் விடவும் மாட்டார்கள்.

நமச்சிவாயம் ஏழாவது படிவத்தை உருவினார்.

"எல்லாம் ஒரே மூச்சுல எழுதின மாதிரி இருக்கே. இந்த நம்பருக்குப் போடுங்க மேடம், ஸ்பீக்கர்ல."

படிவம் ஆசிரியை லக்ஷணாவின் கைக்குப் போனது. மேரியைவிடப் பத்து வயது சின்னவள். ஆனால் மகா கறார். பொய் சர்வே எழுதினால் சான்றிதழ் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டவள். படிவத்தைப் பார்த்தாள், மேரியைப் பார்த்தாள், போனை எடுத்து நம்பரை அழுத்தினாள்.

மேரி வாசல் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டாள்.

"ஹலோ" என்றது வயதான பெண்குரல்.

"காலேஜ்லேர்ந்து பேசறேன்மா. மேரின்னு ஒருத்தங்க, புடவைக் குஞ்சம் பத்தி விசாரிக்க உங்க வீட்டுக்கு வந்தாங்களா?"

"மேரியா..." என்று இழுத்தது குரல். நமச்சிவாயம் பேனாவைத் திறந்தார்.

"வந்தாங்களே" என்றது குரல். "நல்ல மாதிரியா பேசினாங்க. கடை போட்டதும் சொல்லச் சொல்லுங்க."

நமச்சிவாயம் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மேரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எந்த மகராசியோ, நன்றாக இருக்கட்டும்.

வராந்தாவில் லக்ஷணா ஏழாவது படிவத்தோடு வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"மேரிக்கா, நீங்க எழுதின நம்பரை எண்ணிப் பாருங்க."

எண்ணினாள். ஒன்பது எண்தான் இருந்தது.

"தப்புதான் மேடம்" என்றாள் மேரி. "எல்லாம் வீட்ல குந்திக்கினு எழுதினது."

"நாற்பது வீடும் நெஜமா போயிட்டு வந்து என்கிட்ட சான்றிதழை வாங்கிக்கங்க."

"அப்ப, போன்ல பேசினது யாரு மேடம்?"

"என் மாமியார். வாழ்க்கையில பொய்யே பேசாதவங்க, இன்னிக்கு என்னால பேசிட்டாங்க. சாயங்காலம் முதல்ல எங்க வீட்டுக்கு வாங்க. அவங்க சொன்னதை உண்மையாக்கிட்டு, அப்புறம் மத்த வீடுங்களுக்குப் போங்க."