டவரம்மா

"பட்டனை அழுத்திட்டு எங்க இருக்கோம்னு சொல்லுங்க அக்கா. அவ்வளவுதான்."

அக்கா பட்டனை அழுத்தினார். வாயைத் திறந்தார். ஒரு சத்தமும் வரவில்லை. கீழே ஓடுபாதை நெருங்கிக்கொண்டிருந்தது. வழக்கம்போல வாத்தியாரே ரேடியோவில், இன்ன விமானம் இன்ன திசையிலிருந்து இறங்குகிறது என்று சொல்லி முடித்தார்.

வாத்தியாருக்கு வயது இருபத்தெட்டு, மாணவிக்கு நாற்பத்தாறு. வானத்தில்தான் அவர் வாத்தியார். தரைக்கு வந்துவிட்டால் தம்பி. மூன்று மாதப் பயிற்சியில் அக்கா விமானம் ஓட்டுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் இறக்கினால் பின் சீட்டில் தூங்குகிற குழந்தைகூட விழிக்காது. ரேடியோ என்றால் மட்டும் வாய்க்குப் பூட்டு.

அந்தச் சின்ன விமானத் தளத்தில் டவர் கிடையாது. ஒரு ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கக் கம்பத்தில் ஒரு துணிப்பை. நீ இறங்கு, நீ பொறு என்று சொல்ல அங்கே ஆளில்லை. வருகிறவர்கள் தாங்களே ரேடியோவில், இதோ வருகிறேன், இறங்குகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட வேண்டும். கேட்கிறவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். பதில் என்று ஒன்று வராது.

அதுதான் அக்காவுக்குப் பிடிபடவில்லை. "யாருமே பதில் சொல்ல மாட்டாங்களே தம்பி. அனுமதி வராம எப்படி இறங்கறது?" என்பார்.

ஒரே ஒரு தடவை பேசினார். அதுவும் விபரீதத்தில் முடிந்தது. வயலுக்கு மருந்து தெளிக்கிற விமானக்காரர் தான் இறங்கப் போவதாகச் சொன்னதும், அக்கா பட்டென்று பட்டனை அழுத்தி, ஒரு சுற்று சுற்றிவிட்டு இரண்டாவதாக வரும்படி அவருக்கு உத்தரவு போட்டுவிட்டார். அந்த மனிதரும் பெட்டிப்பாம்பாக ஒரு சுற்று போய்வந்து இறங்கி, தன்னை விரட்டியது யார் என்று கொட்டகை முழுக்கத் தேடினார். விண்ணப்பத்தில் அக்கா 'அரசு ஊழியர்' என்று எழுதியிருந்தார். ஏதோ ஆபீசில் பத்துப் பேரை மேய்க்கிறவர் போலிருக்கிறது என்று வாத்தியார் முடிவுகட்டிக்கொண்டார்.

பயிற்சிப் பள்ளியின் முதலாளி அன்று காலை கறாராகச் சொல்லிவிட்டார். இன்றைக்கும் வாய் திறக்காவிட்டால் அந்த அம்மாவைத் தனியாகப் பறக்க விட முடியாது, பேரை அடித்துவிடலாம். வாத்தியார் தயங்கித் தயங்கி அதை அக்காவிடம் சொன்னபோது அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"இத்தனை வருஷம் மத்தவங்க பறக்கறதையே பாத்தாச்சு. ஒரே ஒரு தடவை நான் தனியா பறந்துரணும் தம்பி."

வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் பெரிய விமான நிலையம் இருக்கிறது. அங்கே டவர் உண்டு, பதில் சொல்ல ஆள் உண்டு. அங்கே போய்ப் பேசிப் பழகினால் வாய் திறக்கும் என்று தோன்றியது. ஆனால் ஒரு வருஷமாக அந்த நிலையத்தின் பக்கமே அவர் போவதில்லை. காரணம், டவரம்மா. பேர் அவரே வைத்தது. இருந்தாலும் அக்காவை ஏற்றிக்கொண்டு அங்கேயே கிளம்பினார்; போகிற வழியில் விஷயத்தையும் சொல்லிவைத்தார்.

"முகத்தைப் பாத்ததில்ல அக்கா. ரேடியோல குரல் மட்டும்தான். இரைச்சலுக்கு நடுவுல தகரத்தைக் கிழிக்கிற மாதிரி இருக்கும். அது சொன்னதுல ஒரு வார்த்தையை விட்டுட்டுத் திருப்பிச் சொன்னேன்னு, போன வருஷம் இருபது நிமிஷம் என்னை வானத்துலயே சுத்த விட்டுருச்சு."

இருக்கும், இருக்கும் என்று அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரிய நிலையம் கண்ணில் பட்டதும், நடப்பது நடக்கட்டும் என்று வாத்தியார் ரேடியோவை நோக்கிக் கையை நீட்டினார். அதற்குள் அக்கா பட்டனை அழுத்திவிட்டார். யார், எங்கே, எவ்வளவு உயரம், என்ன வேண்டும் என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். டவரிலிருந்து ஓர் ஆண் குரல் பதில் சொன்னது. அதை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொன்னார். வாத்தியாரின் கை நீட்டியது நீட்டியபடியே இருந்தது.

அங்கே இறங்கி, மறுபடி கிளம்பி, சொந்தத் தளத்துக்குத் திரும்பினார்கள். தகரக் கொட்டகை தெரிந்ததுமே அக்கா பழையபடி ஊமையாகிவிட்டார். வாத்தியாருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"அங்க அனுமதி தர ஆள் இருக்கு, இங்க இல்ல. அதுதானே அக்கா உங்க கஷ்டம்? இங்க டவரம்மாவே நீங்கதான்னு நெனச்சுக்கங்க. நீங்களே கேளுங்க, நீங்களே குடுத்துக்கங்க."

அக்கா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். குலுங்கிக் குலுங்கி, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். விமானம் ஆடிவிடப் போகிறதே என்று வாத்தியார் தன் பக்கத்துப் பிடியைப் பிடித்துக்கொண்டார். ஒருவழியாகச் சிரிப்பு அடங்கியதும் அக்கா பட்டனை அழுத்தினார். வடக்கிலிருந்து வருவதாகவும், இதோ இறங்குவதாகவும் பொதுவாகச் சொன்னார். யாரும் பதில் சொல்லவில்லை. அவர் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. பூப்போல இறக்கினார்.

கொட்டகைக்குள் போனதும் வாத்தியார் முதல் வேலையாக, அக்கா தனியாகப் பறக்கலாம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அக்கா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மடிக்க மனமில்லாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். வாத்தியாருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

"எல்லாம் நம்ம நல்ல நேரம் அக்கா. இன்னிக்குப் பாத்து அந்த டவரம்மா லீவு போல."

"நேரமெல்லாம் இல்ல தம்பி. உங்க கிளாஸுக்காக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நான் லீவு போட்டுடறேன்," என்றார் அக்கா.