இடைவேளையில் ஒரு பேய்

படத்தில் பேயாக நடித்தவர் இடைவேளையில் தியேட்டர் தூணோரம் நின்று, யாராவது பயந்தார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். பவுடர் பூசாத அந்த முகம் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. மேலே குழல்விளக்கு கண் சொக்கி மினுக்குகிறது. "சிரிச்சு வயிறே புண்ணாயிடுச்சுப்பா" என்கிறார் ஒரு தடித்தவர். உள்ளே அவர் சிரித்த சிரிப்பில் சட்டைப் பொத்தான் தெறித்துத் திரையில் பட்டு, படத்துப் பேயே திடுக்கிட்டதை என் கண்ணால் பார்த்தேன். "அட போய்யா, அதைப் பாத்தா எனக்குக் கொட்டாவிதான் வருது" என்று கூட வந்தவர் பாப்கார்ன் பொட்டலத்தைக் கசக்குகிறார். பேய் ஆறிப்போன டீயைப் பார்த்தபடி மனைவியிடம் கேட்கிறது: "நீயாச்சும் பயந்தியா?" அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைத் தேய்க்கிறாள். "பயமாத்தாங்க இருக்கு. இதை நம்பி இருந்த வேலையையும் விட்டுட்டீங்களே." மணி அடிக்கிறது. உள்ளே போகப் பேய்க்குக் கால் வரவில்லை.