முதுகுக் காவல்

சூரியன் பக்கமிருந்து ஒரு புள்ளி கிளம்பியது.

அவள்தான் முதலில் பார்த்தாள். பார்ப்பதுதான் அவள் வேலை.

ஹாலில் அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர். படுக்கையறையில் இன்னொன்று, கணவன் தாமோதரனுக்கு. இருவர் காதிலும் ஹெட்போன். திரையில் இரண்டு போர் விமானங்கள். முன்னால் அவன், பின்னால் அவள்.

விளையாட்டுத்தான். ஆனால் அவள் வீட்டுத் துரைக்கு எல்லாம் நிஜம்போலவே இருக்க வேண்டும். எதிரியின் தலைக்குமேல் பெயர் தெரியக்கூடாது. ரேடார் கூடாது. நடுவில் நிறுத்திவைக்கவும் கூடாது. ஒருமுறை செத்தால், எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து.

நாற்பத்தொன்பது முறை சாகாமல் தரையிறங்கியிருக்கிறான். இன்றைக்கு இறங்கினால் ஐம்பது.

அடேயப்பா, ஊரே மாலை போடப் போகிறது!

அந்த நாற்பத்தொன்பதில் ஒன்று, ஆடி மாதத்துச் சனிக்கிழமை. பொள்ளாச்சி ஆஸ்பத்திரியிலிருந்து போன். அவள் அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறதாம். பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். "ப்ளேனை இறக்கிட்டு வந்தர்றேன்" என்றான். இதோ, இதோ என்றே முக்கால் மணி நேரம் இறக்கினான்.

போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்குத் தாடை கட்டியிருந்தார்கள்.

அதற்கப்புறம்தான் அவளும் கற்றுக்கொண்டாள். பெண்டாட்டிக்கும் ஆசை வந்துவிட்டதென்று அவனுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினாள். இப்போது அவன் முதுகு அவள் பொறுப்பில் இருக்கிறது.

புள்ளிக்கு இறக்கை தெரிந்தது. எதிரிதான். சந்தேகமே இல்லை.

"பின்னாடி ஏதாச்சும் வருதா?"

ஹெட்போனில் அவன் கேட்டான். அவள் மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமே இல்லீங்க. நேராப் போங்க."

நேராகவே போனான், பாவி.

அவன் விமானம் தீப்பிடித்துச் சுழன்று விழும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

படுக்கையறையில் நாற்காலி சுவரில் மோதும் சத்தம் கேட்டது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள்.

திரை இருண்டிருந்தது. தாமோதரன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். சும்மா இல்லை, தோள் குலுங்க, மூக்கு ஒழுக.

அட, இந்த மனுஷனுக்கு அழத் தெரிகிறதே!

அப்பாவைத் தூக்கும்போது அத்தனை கூட்டத்திலும் அவள் அவன் முகத்தைத்தான் பார்த்திருந்தாள். ஒரு சொட்டு வரவில்லை.

கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் அழட்டும் என்று நின்றாள்.