ஒட்டாத ஈயம்

நிலக்கடலை ஓட்டுக் கரியை அமிலத்தில் ஊறவைத்தால் அதன் மேற்பரப்பில் நுண்துளைகள் பெருகும்; கழிவுநீரில் உள்ள ஈயம் அதில் அட்டையாய் ஒட்டிக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் மூன்று மாதமாக மாரடித்தும் அவளுக்குத் துளி ஈயம் ஒட்டவில்லை.

"இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கரியோட மல்லுக்கட்டப் போறே?" என்று பேராசிரியர் இன்று எரிந்து விழுந்தார்.

மாலையில் கணவனிடம் சொன்னாள். பேட்டரி தொழிற்சாலையில் அவன் மேலாளர். வாராவாரம் அங்கிருந்து கழிவுநீரைக் கேனில் பிடித்து வந்து கொடுப்பவனும் அவன்தான்.

"ஆசிட்ல ஏதோ கோளாறு போல. மனசைத் தளர விட்டுடாதே. நாளைக்கு இன்னொரு கேன் கொண்டு வரேன்" என்றான்.

அவள் ஆய்வுக்கூடத்திலிருந்து திருப்பி எடுத்து வந்திருந்த கேனைச் சாய்த்து ஒரு டம்ளர் நிரப்பினாள்.

மதியமே அதைச் சோதித்திருந்தாள். வெறும் குழாய்த் தண்ணீர். தொழிற்சாலையில் வேறு யாரோதான் மாற்றியிருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

"நீங்க கொண்டு வந்த கழிவுத் தண்ணிதாங்க இது" என்று அவன் கண்ணெதிரே மடமடவென்று குடித்தாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஃப்ரிட்ஜ்ல ஜில்லுன்னு இருக்குமே, அதைக் குடிக்கலாம்ல?"