காது நுனி ரத்தம்

ஒரே கறவை மாடு காப்பி நிறத்தில் மூத்திரம் போகிறதென்று, சிலுவைராஜ் தாண்டிக்குடியிலிருந்து ஜீப் பிடித்து வந்திருந்தான். கூட வந்த மனைவி கித்தேரியம்மாள் முக்காட்டைக் காதோடு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கால்நடை ஆய்வகத்தில் அருள்மணி, அவன் ரத்தம் தடவிக் கொண்டுவந்த கண்ணாடித் தகட்டுக்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள்.

"உண்ணிக் காய்ச்சல் கிருமி ஒண்ணும் இல்ல. ஆனா ரத்தம் வெளுத்துக் கெடக்கு. தீனி போடுறீங்களா இல்லையா?"

"புண்ணாக்கு, பருத்திக்கொட்டைன்னு ஒரு கொறையும் வைக்கலீங்களே!"

அவள் மறுபடி குனிந்து பார்த்தாள்.

"மாட்டு ரத்த அணு இதைவிடச் சின்னதா இருக்கும். இது மனுச ரத்தம்ங்க! மாட்டோட காது நுனியில குத்தி எடுக்கச் சொன்னேன்ல?"

"ரத்தம் கொண்டாந்தாத்தான் ஊசின்னீங்க..."

சிலுவைராஜ் மனைவியின் பக்கம் கையைக் காட்டினான்.

"மாடு உதைக்கும்ங்க. இவ உதைக்க மாட்டா."